வடசென்னை வீட்டுக் கோழிக்கு இயற்கைத் தீவனம்: 10 கிலோ கலவை, படிப்படியாக

45 கிராம் எடையுள்ள ஒரு நாட்டுக்கோழி முட்டைக்குள் ஏறக்குறைய 5 கிராம் புரதம் இருக்கிறது. அதன் ஓட்டில் ஒன்றரை கிராமுக்கு மேல் கால்சியம். இரண்டையும் கோழி தன் தீனியிலிருந்துதான் எடுக்க வேண்டும். நாளுக்கு 90 கிராம் அரிசிக் குருணை மட்டும் போட்டால் கிடைக்கும் புரதம் 7 கிராம். அதிலும் பெரும்பகுதி கோழி நடமாடவும் இறகு வளர்க்கவும் செலவாகிவிடும். கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் மொட்டைமாடிக் கோழிகள் பத்து முட்டை இட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓய்ந்துகிடப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கம்பெனித் தீவன மூட்டையை வாங்கினால் இந்தக் கணக்கு அதற்குள்ளேயே சரிசெய்யப்பட்டிருக்கும். செயற்கை மெத்தியோனினும் (புரதத்தின் அங்கமான ஓர் அமினோ அமிலம்), ரசாயனக் கரைப்பானில் எண்ணெய் எடுத்த சோயாப் பிண்ணாக்கும் சேர்த்துச் சரிசெய்திருப்பார்கள். அவை வேண்டாம், என்ன போடுகிறோம் என்று கண்ணால் பார்த்துப் போட வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். பணம் மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்காதீர்கள். இயற்கை வேளாண் சான்று பெற்ற தானியமாகவே வாங்கினால் மூட்டைத் தீவனத்தைவிடச் செலவு கூடத்தான் செய்யும்.

வடசென்னைக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காசிமேட்டு மீனும் செங்குன்றம் அரிசி ஆலைத் தவிடும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அதே கடல்தான் ஈரக்காற்றையும் உப்புத் தண்ணீரையும் கொண்டுவருகிறது. இங்கே வீட்டுத் தீவனம் கெடுவது கலவைக் கணக்கு தப்பியதால் என்பது அபூர்வம். ஈரத்தாலும் உப்பாலும் கெடுவதே அதிகம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தானியமும் தவிடும்

மக்காச்சோளம், கம்பு, குருணை மூன்றும் சக்திக்கானவை. புரதம் முறையே 9, 11, 8 சதவீதம் அளவில் இருக்கும். கொத்தவால்சாவடிப் பக்கத்து மொத்தக் கடைகளிலோ அந்தந்தப் பகுதி மாட்டுத்தீவனக் கடைகளிலோ வாங்கலாம். சான்று பெற்றதாக வேண்டுமென்றால் மூட்டையில் ஜைவிக் பாரத் முத்திரையோ பி.ஜி.எஸ். இந்தியா முத்திரையோ இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் இரண்டு கேள்வி கேளுங்கள்: மூட்டைக்குள் பூச்சி மாத்திரை வைத்தார்களா, இது விதைக்காக வந்த சரக்கா? இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ சாயம் ஏறிய தானியம் பூஞ்சாணக்கொல்லி கலந்த விதை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தவிடு வாங்கும்போது புழுங்கல் அரிசித் தவிடு என்று கேட்டு வாங்குங்கள். பச்சரிசித் தவிட்டில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி உயிரோடு இருக்கும். அரைத்த நேரத்திலிருந்தே வேலையைத் தொடங்கி, வெயில் காலத்தில் சில நாளிலேயே தவிட்டைச் சிக்கு வாடை அடிக்க வைத்துவிடும். புழுங்கல் நெல் ஆவியில் வெந்திருப்பதால் அந்த நொதி ஏற்கெனவே செத்திருக்கும். பச்சரிசித் தவிடுதான் கிடைத்தது என்றால், அன்றைக்கே இரும்பு வாணலியில் சிறு தீயில் 10 நிமிடம் கிளறி வறுத்து ஆறவிடுங்கள்.

தவிட்டில் உமி கலந்து விற்பது உண்டு. ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையை விரியுங்கள். நல்ல தவிடு, எண்ணெய்ப் பசையில் விரல் தடம் பதிந்த கொழுக்கட்டைபோல் நிற்கும். உமி சேர்ந்தது பொலபொலவென்று உதிரும். சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். மேலே மிதக்கும் படலம் உமி.

பிண்ணாக்கு

செக்கில் ஆட்டிய கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் வேண்டும். கடலையில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருந்தாலும் மெத்தியோனின் குறைவு. எள்ளில் மெத்தியோனின் நிறைய, லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும், இரண்டிலும் மிஞ்சும் குறையை மீன் தீர்க்கும். அதனால் கடலைப் பிண்ணாக்கை மட்டும் அள்ளிப் போட்டுப் புரதக் கணக்கைக் காகிதத்தில் நேர்செய்வது பயன் தராது. மெத்தியோனின் போதாத கோழி, புரதம் தின்றும் இறகைப் பிய்க்கும், சின்ன முட்டை இடும்.

கடலைப் பிண்ணாக்கில்தான் இந்த ஊரின் மிகப் பெரிய ஆபத்து இருக்கிறது. ஈரம் ஏறினால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகும். கோழித் தீவனத்தில் இது கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த அளவைக் கண்ணால் காண முடியாது. பூஞ்சையைத் துடைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். ஆகவே பச்சையோ கறுப்போ சாம்பலோ புள்ளி தெரிந்த கட்டியை மொத்தமாக ஒதுக்குங்கள். மண் வாடை, புழுங்கிய துணி வாடை வந்தாலும் அப்படியே. எண்ணெய் ஆட்டி ஒரு வாரத்துக்குள் உள்ள பிண்ணாக்கு, உடைத்தால் டக்கென்று முறிந்து வேர்க்கடலை மணம் தரும். அதை மட்டும் வாங்குங்கள். கோழியோடு வாத்தும் வளர்ப்பவர்கள் வாத்துக்குக் கடலைப் பிண்ணாக்கே போடாமல் இருப்பது நல்லது. இந்த நஞ்சை வாத்து கொஞ்சமும் தாங்காது.

பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வேண்டாம், மஞ்சள்கரு பச்சை பாய்ந்துவிடும். ஆமணக்குப் பிண்ணாக்கு நஞ்சு. செடிக்கு வாங்கி வைத்திருக்கும் வேப்பம், ஆமணக்குப் பிண்ணாக்கு மூட்டைகளைத் தீவனச் சாமான் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

மீன்தூள்: கருவாடு இல்லை, உப்பில்லாமல் காயவைத்தது

பலரும் சறுக்கும் இடம் இது. கருவாட்டைப் பொடித்துப் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். உப்புக் கருவாட்டில் உப்பு 20 சதவீதம் என்று வையுங்கள். 10 கிலோ கலவைக்கு 700 கிராம் போட்டால் அதிலேயே 140 கிராம் உப்பு வந்துவிடும். அதாவது 1.4 சதவீதம். கோழிக்கு வேண்டியது 0.3 சதவீதம்தான். அடிபம்புத் தண்ணீரும் உப்புக் கரிக்கும் தெருவாக இருந்தால் கணக்கு இன்னும் மோசம். கோழி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், எச்சம் தண்ணீராகப் போகும், குஞ்சுகள் வயிறு வீங்கிச் சாகும். கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்கிக்கொள்ளலாம் என்பதும் நம்பத் தகுந்ததல்ல. எவ்வளவு இறங்கியது என்று வீட்டில் அளக்க வழியில்லை.

பச்சை மீன் வாங்கி நீங்களே காயவையுங்கள். காசிமேட்டில் விடியற்காலை ஏலம் முடிந்த பிறகு பொடிமீன் கூறு போட்டு விற்பார்கள். "எக்கா, காரப்பொடி கூறு எவ்ளோ? கோழிக்குத்தான்" என்று கேட்டால், நசுங்கிப்போனதால் சமையலுக்குப் போகாத மீனைத் தள்ளிக் கொடுப்பார்கள். நசுங்கியிருக்கலாம், நாறியிருக்கக் கூடாது. செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பு இருக்க வேண்டும். காரப்பொடி கொழுப்பு குறைந்த மீன் என்பதால் தூளாக்கினால் நாள்பட நிற்கும். சாளையில் எண்ணெய் அதிகம். சீக்கிரம் சிக்கு வாடை பிடித்து முட்டையில் கவுச்சி ஏற்றிவிடும். பெரிய மீன் வெட்டும் இடத்தில் கிடைக்கும் தலையும் முள்ளும் சும்மாவே கிடைத்தாலும் அவற்றில் சாம்பல்சத்து அதிகம், புரதம் குறைவு. பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம்.

1. 5 கிலோ மீனை நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கடல் தண்ணீரின் உப்பு இதில் போகும்.

2. மீன் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, உப்புப் போடாமல், கொதி வந்த பின் 20 நிமிடம் வேகவிடுங்கள். பச்சை மீன் சிலவற்றில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி உண்டு. வேகவைத்தால் அது அழியும், கிருமியும் சாகும்.

3. வெந்ததை வெள்ளைத் துணியில் கட்டி, மேலே அம்மிக்கல்லை ஏற்றி அரை மணி நேரம் வையுங்கள். வடியும் தண்ணீரோடு மீன் எண்ணெயில் பெரும்பங்கு போய்விடும். அந்தத் தண்ணீரை ஆறவைத்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

4. மரச்சட்டத்தில் நைலான் வலை கட்டி, அதன் மேல் மெல்லியதாகப் பரப்பி, ஈ மொய்க்காமல் கொசுவலை போர்த்துங்கள். தரையிலோ மணலிலோ பரப்ப வேண்டாம். நல்ல வெயிலில் இரண்டு நாள். சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுங்கள். இரவுக் கடல்காற்றில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி ஏறிவிடும்.

5. நடுமுள் விரலால் மடக்கினால் வளையாமல் ஒடிய வேண்டும். ஒடிந்த பின் வெறும் வாணலியில் சிறு தீயில் 5 நிமிடம் சூடேற்றி, ஆறவைத்து, உரலில் இடித்துச் சலியுங்கள். மாவு மில்லில் மீனை அரைக்க ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான். வீட்டு மிக்ஸி போதும்.

5 கிலோவுக்கு 1 கிலோவுக்குச் சற்று மேலே தூள் கிடைக்கும். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் அலசல் போதவில்லை.

சுண்ணாம்புச் சத்து, கல், கீரை

கிளிஞ்சலில் 38 சதவீதம் அளவு கால்சியம். சுடாத கிளிஞ்சலாக வாங்க வேண்டும், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு வாயையும் இரைப்பையையும் புண்ணாக்கிவிடும். 2 முதல் 4 மி.மீ. அளவில் உடைத்தால் இரைப்பையில் மெதுவாகக் கரைந்து, ஓடு உருவாகும் இரவு முழுவதும் கால்சியம் தந்துகொண்டிருக்கும். எண்ணூர் கழிமுகத்தில் சும்மா கிடக்கிறதே என்று பொறுக்கி வராதீர்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கழிவு படிந்த இடம் அது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தின்போது எண்ணெயும் பரவியது. முட்டை ஓட்டையும் பயன்படுத்தலாம். 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கோழி முட்டையையே கொத்திப் பழகும்.

மாடிக் கோழிக்கு மண்ணில் பொறுக்கக் கல் கிடையாது. பல்லில்லாத கோழி இரைப்பையில் கல்லை வைத்துத்தான் தானியத்தை அரைக்கிறது. எம்-சாண்டைச் சலித்து 2–3 மி.மீ. கருங்கல் துகளை எடுத்து, நன்றாகக் கழுவி, ஒரு தேங்காய்ச் சிரட்டையில் எப்போதும் வைத்திருங்கள்.

முருங்கைக் கீரையை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, கையால் கசக்கினால் நொறுங்கும் பதத்தில் தூளாக்குங்கள். 1 கிலோ கீரைக்கு 200 கிராம் சொச்சம் வரும். வெயிலில் காயவைத்தால் வைட்டமின் ஏ-க்கான கரோட்டின் போய்விடும். அகத்தியும் இதேபோல் நல்லது.

முட்டைக் கோழிக்கான 10 கிலோ கலவை

- உடைத்த மக்காச்சோளம் – 3 கிலோ
- உடைத்த கம்பு – 1.5 கிலோ
- அரிசிக் குருணை – 1 கிலோ
- அரிசித் தவிடு – 800 கிராம்
- கடலைப் பிண்ணாக்கு – 1.2 கிலோ
- எள்ளுப் பிண்ணாக்கு – 700 கிராம்
- மீன்தூள் – 700 கிராம்
- முருங்கை இலைத்தூள் – 200 கிராம்
- கிளிஞ்சல் – 850 கிராம்
- கோழிக்கான தாது உப்புக் கலவை – 50 கிராம்

இதில் புரதம் 17 சதவீதத்தைத் தாண்டும், கால்சியம் 3.7 சதவீதம் அளவில் நிற்கும். குடிதண்ணீர் மெட்ரோ வாட்டர் என்றால் 20 கிராம் உப்பு சேருங்கள். உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் என்றால் ஒரு கிராமும் வேண்டாம். அந்தத் தண்ணீரையே கோழிக்கு வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. தாது உப்பு மாட்டுக்கானதாக இருக்கக் கூடாது, அதன் விகிதம் வேறு.

10 கோழிக்கு நாளைக்கு 900 கிராம் போகும். ஆக இந்த 10 கிலோ 11 நாள் வரும். சென்னை வானிலைக்கு இதுவே சரியான அளவு. ஒரேயடியாக ஒரு மாதத்துக்குக் கலக்க வேண்டாம்.

சேவலும் வளரும் பெட்டைகளும் முட்டைக் கோழியோடு ஒரே கூண்டில் இருந்தால் கிளிஞ்சலைக் கலவையில் போடாமல் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டையிடாத உடம்பில் அவ்வளவு கால்சியம் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும். வேண்டிய கோழி தானே போய்க் கொத்திக்கொள்ளும்.

ஈரம் பார்ப்பது, உடைப்பது, கலப்பது

தானியத்தை உடைக்கும் முன் ஈரம் பாருங்கள். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், மாவாக நசுங்கக் கூடாது. இன்னும் உறுதியாகத் தெரிய, உப்புச் சோதனை இருக்கிறது. தூள் உப்பை வாணலியில் வறுத்து ஆறவையுங்கள். நன்கு காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்பங்கு தானியமும் இரண்டு மேசைக்கரண்டி உப்பும் போட்டு மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். அந்தத் தானியத்தை மீண்டும் வெயிலில் போட வேண்டும். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் உடைக்கலாம், ஆனாலும் நாள்பட வைக்கும் தானியத்துக்கு ஒரு வெயில் கூடவே காட்டிவிடுங்கள். 12 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பூஞ்சை அண்டாது.

மில்லில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "அண்ணே, நைஸா வேணாம், ஒடச்சி மட்டும் குடுங்க." மாவாகிவிட்டால் அலகில் ஒட்டும், தண்ணீர்ச் சட்டி குழம்பும், பாதி காற்றில் போகும். பெரிய கோழிக்கு ஒரு மணி மூன்று நாலாக உடைந்தால் போதும். குஞ்சுக்கு ரவைப் பதம். முன்னால் மிளகாய் அரைத்த மில்லாக இருந்தாலும் கவலை வேண்டாம், கோழிக்குக் காரம் தெரியாது. உடைத்து வந்த தானியம் சூடாக இருக்கும். உடனே டிரம்மில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, அதுவே பூஞ்சைக்கு வழி. தார்ப்பாயில் பரப்பி முழுக்க ஆறவிடுங்கள்.

கலக்கும்போது சிறிய அளவுச் சாமானில் தொடங்க வேண்டும். தாது உப்பு, உப்பு, முருங்கைத்தூள் மூன்றையும் தவிட்டோடு சேர்த்துக் கையால் பிசறுங்கள். அதோடு மீன்தூள். பிறகு நொறுக்கிய பிண்ணாக்கு இரண்டும். கடைசியில் தானியமும் கிளிஞ்சலும். எல்லாவற்றையும் தார்ப்பாயில் குவித்து, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு முறத்தால் அள்ளி மாற்றிக் குவியுங்கள். இப்படி ஐந்து முறை. எடுத்தவுடன் 50 கிராம் தாது உப்பை 10 கிலோ மேல் தூவினால் ஒரு கோழிக்கு மொத்தமும் போய், மற்றவற்றுக்கு ஒன்றுமே கிடைக்காது.

மூடி இறுகிய டிரம்மில் போட்டு, சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். சாக்கில் வைத்தால் எலி வரும். எலி மூத்திரம் வழியே எலிக்காய்ச்சல் வீட்டுக்கே வரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒரு வாரத்துக்கு மேல் வராத அளவே கலக்குங்கள். டிரம்மை அப்படியே நிரப்பிக்கொண்டே போகாமல், காலியானதும் துடைத்து வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகே அடுத்த கலவையைக் கொட்ட வேண்டும். அடியில் ஒட்டிய பழைய தூளில்தான் பூஞ்சை தொடங்கும்.

குஞ்சுக்கும் வளர்கோழிக்கும்

முதல் 8 வாரம் 20 சதவீதப் புரதம் வேண்டும். 5 கிலோவுக்கு: மக்காச்சோள ரவை 1.75 கிலோ, கம்பு 750 கிராம், குருணை 500, தவிடு 250, கடலைப் பிண்ணாக்கு 750, எள்ளுப் பிண்ணாக்கு 350, மீன்தூள் 500, முருங்கைத்தூள் 100, தாது உப்பு 25, கிளிஞ்சல் தூள் 25 கிராம். உப்பு வேண்டாம். குஞ்சுகளின் கால் விரல் உள்ளே மடங்கி நடக்க முடியாமல் உட்கார்ந்தால் அது வைட்டமின் பி2 குறைவு. முருங்கையும் மீனும் குறைத்துக் கலந்த வீடுகளில் இதைப் பார்க்கலாம்.

8 வாரத்திலிருந்து முதல் முட்டை வரை, பெரிய கலவையிலேயே மாற்றம் செய்தால் போதும்: கிளிஞ்சலை 50 கிராமாகவும் கடலைப் பிண்ணாக்கை 700 கிராமாகவும் குறைத்து, குருணையை 1.8 கிலோவுக்கும் தவிட்டை 1.3 கிலோவுக்கும் ஏற்றுங்கள்.

மீன்பிடித் தடைக்காலம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வந்தாலும் கோழிக்கு வாங்கும் விலையில் இருக்காது. 10 கோழிக்கு இந்த இரண்டு மாதத்துக்கு 4 கிலோ மீன்தூள் போதும். மார்ச் வெயிலில் 20 கிலோ காரப்பொடியைக் காயவைத்துக்கொண்டால் தீர்ந்தது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள்.

தவறவிட்டவர்கள் மீனுக்குப் பதில் வறுத்த சோயா 900 கிராம் போடலாம். மக்காச்சோளத்தை 2.8 கிலோவாக்கி, கடலைப் பிண்ணாக்கை 1 கிலோவுக்குக் குறைத்து, எள்ளுப் பிண்ணாக்கை 900 கிராமுக்கு ஏற்றுங்கள். சோயாவைப் பச்சையாகப் போடவே கூடாது. புரதத்தைச் செரிக்கவிடாத பொருள் அதில் இருக்கிறது. பச்சை வாடை போய்க் கடலை வறுத்த மணம் வரும்வரை, உள்பருப்பும் நிறம் மாறும்வரை வறுக்க வேண்டும்.

அசோலா: எதிர்பார்க்க வேண்டிய அளவு

அசோலா என்ற நீர்ப்பெரணியில் 25 சதவீதம் புரதம் என்று சொல்வது காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் 94 சதவீதம் தண்ணீர். 100 கிராம் போட்டால் கிடைப்பது ஒன்றரை கிராம் புரதம்தான். கீரையாக நினைத்து, கோழிக்கு 20–30 கிராம் கொடுங்கள். தீவனத்துக்கு மாற்றாக நினைத்தால் முட்டை நின்றுவிடும்.

6 அடிக்கு 3 அடி சில்பாலின் (கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பு) தொட்டி, சலித்த மண் 10 கிலோ, சாணம் 2 கிலோ கரைசல், 10 செ.மீ. தண்ணீர், அரை கிலோ அசோலா விதை. இரண்டு வாரத்தில் அறுவடை தொடங்கலாம். போர் தண்ணீரில் வராது, ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரில் நிச்சயம் வராது, இரண்டிலும் உப்பு. மழைத் தண்ணீரோ, ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் போன மெட்ரோ வாட்டரோ ஊற்றுங்கள். மேலே பாதி நிழல் தரும் பச்சை வலை வேண்டும். அசோலா மூடாத இடத்தில் கொசு முட்டையிடும், அதனால் கொசுவலையும் கட்டாயம். 10 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 100 கிலோ கனம். ராயபுரம், ஜார்ஜ் டவுன் பழைய மெட்ராஸ் டெரஸ் (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கிய கூரை) வீடுகளின் மேல் இந்தத் தொட்டி வேண்டாம். தரையில் போடுங்கள்.

போடும் முறை

பழைய தீனியிலிருந்து ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு, அரை பங்கு, முக்கால் பங்கு என்று 10 நாளில் மாற்றுங்கள். ஒரு கோழிக்குக் காலை 6 மணிக்கு 45 கிராம், மாலை 4:30-க்கு 45 கிராம். அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலில் தீனியே வைக்க வேண்டாம், செரிமானச் சூடு கோழியை இன்னும் வாட்டும். தண்ணீர் ஒரு கோழிக்கு கால் லிட்டர், கோடையில் அதைப்போல் இருமடங்கு, நிழலில்.

ஊறவைத்துப் புளிக்கவைத்துக் கொடுத்தால் தூள் வீணாகாது, கோழியும் விரும்பித் தின்னும். ஒரு பங்கு கலவைக்கு ஒன்றேகால் பங்கு தண்ணீரும் ஒரு கரண்டி நீராகாரமும் சேருங்கள். சென்னை வெக்கையில் 24 மணி நேரம் போதும், மே மாதத்தில் 12 மணி நேரமே போதும். இட்லி மாவுப் புளிப்பு வாடை வந்தால் சரி. கள் வாடையோ அழுகல் வாடையோ வந்தால் கொட்டிவிடுங்கள். போட்ட ஈரத்தீனியை இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

மிச்சச் சோறு, காய்த்தோல் எல்லாம் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஊறுகாய், கருவாட்டுக் குழம்பு, சிப்ஸ் என்று உப்பேறிய எதையும் போடாதீர்கள். மணலி, எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைப் புகை படியும் இடங்களில் கீரையைக் கழுவிவிட்டே கொடுங்கள். பழைய பெயின்ட் உதிரும் சுவர் ஓரத்திலும் சாம்பல் படிந்த மண்ணிலும் கிளறவிடாதீர்கள். மண்ணில் உள்ள ஈயம் முட்டைக்குள் வந்துவிடும்.

கோழி காட்டும் அறிகுறிகள்

தோல்முட்டை, ஓடு மெலிந்த முட்டை வந்தால் முதலில் கிளிஞ்சல் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் மே மாதத்தில் வந்தால் காரணம் வெக்கை. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழியால் ஓட்டைச் சரியாகக் கட்ட முடியாது. மாலையில் கூடுதலாக ஒரு கைப்பிடி கிளிஞ்சலும், கூண்டின் மேல் ஈரச் சாக்கும் உதவும்.

முட்டையில் கவுச்சி அடித்தால் மீன்தூளை முகர்ந்து பாருங்கள். அது புதிதாக இருந்தால் அளவைக் குறையுங்கள். 10 கிலோவுக்கு 800 கிராமைத் தாண்டவே கூடாது. மஞ்சள்கரு வெளிறியிருந்தால் கீரையோ மஞ்சள் மக்காச்சோளமோ குறைவு என்று அர்த்தம். சத்துக் குறைவு என்று பயப்பட வேண்டாம். கோழி கொழுத்து, அடிவயிறு தொங்கி, முட்டை நின்றால் சோறும் குருணையும் மிஞ்சிப் போகின்றன.

கொண்டை வெளிறி, தீனி எடுக்காமல், இறகு சிலிர்த்து ஒவ்வொன்றாக முடங்கினால் தீவனத்தை அந்த நிமிடமே நிறுத்துங்கள். அது அஃப்ளடாக்சினாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கோழியையும் அரை கிலோ தீவனத்தையும் சேர்த்தே கொண்டுபோங்கள். தீவனத்தை மட்டும் பரிசோதிக்க நாமக்கல்லில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாதிரியை டிரம்மின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். பூஞ்சை ஓரிடத்தில் மட்டும் இருக்கலாம்.

நவம்பர், டிசம்பரில் முட்டை குறைந்தால் உடனே கலவையை மாற்றாதீர்கள். அப்போது சென்னைப் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். நன்றாக முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். இறகு உதிர்க்கும் காலமும் அதுவே. புதிய இறகு முழுக்கப் புரதத்தால் ஆனது என்பதால், அந்த மாதங்களில் மீன்தூளையும் எள்ளுப் பிண்ணாக்கையும் குறைத்துவிடாமல் அதே அளவில் போட்டு வாருங்கள். ஜனவரி கடைசியில் மறுபடி முட்டைக்கு வரும்.